விவால்டியோட 'வசந்தம்' ரிலாக்ஸ் மியூசிக் இல்லைங்க! (இழை)

1/ போன்ல "காத்திருங்கள்"னு சொல்லிட்டு ஒரு வயலின் இசை போடுவாங்களே, பல நேரம் அது விவால்டியோட 'வசந்தம்'தான். யூடியூப்ல 'மன அமைதிக்கு', 'பிரஷர் குறைய'ன்னு எல்லாம் இதைப் போட்டு வெச்சிருக்காங்க. ஒரு டாக்டரா சொல்றேன், இதை மாத்திரை மாதிரி கேட்காதீங்க. (இதைக் கேட்டுட்டு பிபி மாத்திரையை நிறுத்திடவும் வேண்டாம்!)

2/ வெனிஸ் நகரத்துக்காரர் அந்தோனியோ விவால்டி. அவருடைய 'நான்கு பருவங்கள்' 1725ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. பருவத்துக்கு ஒன்றாக நாலு வயலின் கான்செர்ட்டோ. ஒரு தனி வயலினும் ஒரு வாத்தியக் குழுவும் மாறி மாறிப் பேசிக்கிறதுதான் கான்செர்ட்டோ.

3/ 'வசந்தம்' முதல் பகுதி சுமார் மூணரை நிமிஷம். அதன் வடிவத்துக்குப் பேர் ரிட்டோர்னெல்லோ. இத்தாலிய மொழியில் 'திரும்பி வருவது'ன்னு அர்த்தம். குழு ஒரு மெட்டை வாசிக்கும். தனி வயலின் எங்கேயோ போகும். மறுபடி அந்த மெட்டு வரும். நம்ம பாட்டுல பல்லவி வர்ற மாதிரி.

4/ ஒரு வித்தியாசம். பல்லவி அதே சுருதியில்தான் திரும்பும். இங்கே அப்படியில்லை. பறவைகள் கத்தி முடிச்சதும் மெட்டோட பின்பாதி சொந்த சுருதியில் வரும். ஓடை சலசலத்த பிறகு, பஞ்சமத்தையே புது 'ஸ'வா வெச்சுக்கிட்டு வரும்.

5/ அப்புறம் இடி, மின்னல். குழு மொத்தமும் நடுங்கும். அது ஓய்ஞ்சு மெட்டு திரும்பும்போது மைனருக்கு மாறியிருக்கும். அதே மெட்டுதான், ஆனா முகம் வாடியிருக்கும். பறவைகள் மெல்லப் பேச ஆரம்பிச்ச பிறகுதான் பாட்டு வீடு வந்து சேரும்.

6/ போன்ல நாம கேட்கிறது இடிக்கு முன்னாடியே கட் ஆயிடுது. அதனாலதான் 'இனிமையான பாட்டு'ங்கிறதோட நின்னுடறோம். புயலே இல்லாம வீடு திரும்பறதுல என்ன இருக்கு?

7/ மாரடைப்போ பக்கவாதமோ வந்தவங்க கேட்கிற கேள்வி: "டாக்டர், பழையபடி ஆயிடுவேனா?" பல பேருக்கு நேர்மையான பதில் இதுதான்: தேறி வருவீங்க, ஆனா நேர்கோட்டுல இல்லை. நடுவுல மைனர்ல ஒரு திரும்பல் இருக்கும். அந்த வாரத்துல மனசு விட்டு, பயிற்சியையும் மாத்திரையையும் நிறுத்திடறவங்களைப் பார்க்கிறேன். அது முடிவு இல்லை. பாட்டு இன்னும் பாக்கி இருக்கு.

8/ விவால்டியும் நோயாளிதான். பாதிரியாரா இருந்தும், பிறவியிலேயே வந்த நெஞ்சுக் கோளாறால பூசை வைக்கறதை விட்டு 25 வருஷம் ஆச்சுன்னு 1737ல் ஒரு கடிதத்துல எழுதியிருக்கார். ஆஸ்துமாவா இருக்கலாம்னு பலரோட ஊகம். அந்த நெஞ்சை வெச்சுக்கிட்டுத்தான் நூற்றுக்கணக்கான கான்செர்ட்டோ எழுதினார்.

9/ இன்னைக்கு ராத்திரி ஹெட்போன் போட்டு, வேற வேலை பார்க்காம, மூணரை நிமிஷம் முழுசா கேளுங்க. இடிக்குப் பிறகு மெட்டு எந்த முகத்தோட வருதுன்னு மட்டும் கவனிங்க. கேட்டுட்டு வந்து கீழே சொல்லுங்க.