தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் பேச்சு சிகிச்சை: எங்கள் நிலைப்பாடு

பேசவும் பிறர் சொல்வதைப் புரிந்துகொள்ளவும் சிரமப்படும் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்க்கலாமா, சிறப்புக் கல்வி வகுப்புள்ள தேசியப் பள்ளிக்கு அனுப்பிவிடுவதா? முதலாம் ஆண்டுப் பதிவு நெருங்கும்போது நெகிரி செம்பிலான் தோட்டப்புறப் பெற்றோர் எங்களிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி இது. பெற்றோர், ஆசிரியர், பேச்சு சிகிச்சையாளர் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்த அமைப்பு எங்களுடையது. எங்கள் பதில் இது: பேச்சுச் சிரமம் என்ற ஒரே காரணத்துக்காக எந்தப் பிள்ளையும் தமிழ்ப்பள்ளியை விட்டுப் போகக் கூடாது. சிகிச்சையாளர்தான் பள்ளிக்கு வர வேண்டும். வருபவர் பிள்ளையின் பேச்சைத் தமிழில் மதிப்பிட்டு, தமிழில் பயிற்சி கொடுக்க வேண்டும். அவரை அனுப்பும் பொறுப்பு கல்வி அமைச்சுடையது.

இன்றைய நிலையைச் சொல்கிறோம். பாலர் பள்ளி ஆசிரியை முதலில் கவனிக்கிறார். பெற்றோர் அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்குகிறார்கள். அங்கிருந்து சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனைக்கோ வேறு பெரிய மருத்துவமனைக்கோ போக வேண்டும். பல மாதங்கள் காத்திருந்த பிறகு தேதி கிடைக்கும். அதன்பின் மாதம் ஒருமுறை பயிற்சி கிடைத்தாலே பெரிது. பகாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்தோ கெமாஸிலிருந்தோ சிரம்பானுக்குப் போய்வர ஒரு முழு நாள் போய்விடும். தகப்பன் விடியற்காலையில் குலை வெட்டப் போய்விடுவார், தாய் செனவாங் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பார். அரை மணி நேரப் பயிற்சிக்காக இருவரில் ஒருவர் ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். தனியாரிடம் போனால் ஓர் அமர்வுக்கே நூறு ரிங்கிட்டுக்கு மேல் ஆகும். மூன்று நான்கு தடவைக்குப் பிறகு போவதை நிறுத்திவிடுகிறார்கள். "வரவே இல்லை" என்று மருத்துவமனைக் கோப்பில் எழுதப்படுகிறது. பெற்றோருக்கு அக்கறையில்லை என்று அதைப் படிப்பவர் நினைத்துக்கொள்கிறார். அது நியாயமில்லை.

இங்கே ஒரு பழைய சட்டத்தை நினைவுபடுத்த விரும்புகிறோம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகமே பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்படி எழுந்த பள்ளிகளில் பல வெறும் கொட்டகைகள்; கங்காணியும் கிராணியும் பாடம் சொன்ன இடங்கள்கூட உண்டு. அவற்றை நாங்கள் உயர்த்திப் பேசவில்லை. ஆனால் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் பள்ளி வர வேண்டும் என்ற கொள்கை அன்றே ஒப்புக்கொள்ளப்பட்டது. பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயன்கள் காலியாகி, குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. ஆனாலும் சுவா பெத்தோங், லின்சம், கிர்பி என்று தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் இந்த மாநிலத்தில் இன்றும் இயங்குகின்றன. நெகிரி செம்பிலானில் உள்ள சுமார் 60 தமிழ்ப்பள்ளிகளில் பல, 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட சிறிய பள்ளிகள். சிறப்புக் கல்விக்குத் தனி வகுப்புத் திறக்கப் போதுமான எண்ணிக்கை அவற்றில் பலவற்றுக்குச் சேராது. அதனால்தான் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றும்படி சொல்கிறார்கள்.

சட்டம் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28ஆவது பிரிவு, குறைபாட்டைக் காரணம் காட்டிப் பொதுக் கல்வியிலிருந்து ஒருவரை விலக்கக் கூடாது என்கிறது. மாணவருக்குத் தேவையான வசதிகளைச் செய்து தருவதையும் அது கடமையாக்குகிறது. பேச்சுக் குறைபாடு, மாற்றுத்திறனாளி அட்டை வழங்கப்படும் ஏழு பிரிவுகளில் ஒன்று. எந்தச் சிறப்புத் தேவையுள்ள பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கையைக் கல்வி அமைச்சே 2019இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் திருப்பி அனுப்பாமல் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார வைத்தால் போதுமா? ஆசிரியர் சொல்வதில் பாதி புரியாமல், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வார்த்தை வராமல் ஆறு ஆண்டுகள் உட்கார்ந்திருப்பது கல்வியாகாது.

இப்படிப்பட்ட பிள்ளைகள் அரிது என்று நினைக்க வேண்டாம். வேறு எந்தக் குறையும் தென்படாமல் மொழி வளர்ச்சியில் மட்டும் பின்தங்கும் பிள்ளைகள் நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பேர் என்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. முப்பது பேர் வகுப்பில் இருவர். காது கேளாமை, ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், திக்கல் உள்ளவர்கள் இந்தக் கணக்கில் சேரவில்லை. மொழிச் சிக்கலுள்ள பிள்ளை பெரும்பாலும் அமைதியாக இருக்கும், தொல்லை கொடுக்காது. "மெதுவாகப் படிக்கும் பிள்ளை" என்ற பெயரோடு ஆறாம் ஆண்டை முடித்துவிடும்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்பது இனப்பற்றினால் என்று சிலர் எண்ணுகிறார்கள். அதற்கு மருத்துவக் காரணம் உண்டு. நம் தோட்டப்புறப் பிள்ளை "பழம்" என்பதைப் "பளம்" என்றும், "இலை" என்பதை "எலை" என்றும் சொன்னால் அது குறைபாடு அல்ல. வீட்டில் பாட்டியும் அப்படித்தான் பேசுகிறார். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை "கதவு" என்பதைத் "ததவு" என்றும், "கை" என்பதைத் "தை" என்றும் சொன்னால் கவனிக்க வேண்டும். தமிழ் கேட்டு வளராதவருக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எப்படித் தெரியும்? ல, ள வேறுபாடும் ன, ண வேறுபாடும் மலாய் மொழியில் இல்லை. அவற்றைக் கேட்டுப் பழகாத காது பிள்ளையின் பிழையைத் தவறவிடும், அல்லது இல்லாத பிழையைக் கண்டுபிடிக்கும்.

ஒலியைவிட முக்கியமானது வாக்கிய அமைப்பு. "அம்மா கடைக்குப் போனாங்க" என்று சொல்ல வேண்டிய பிள்ளை "அம்மா கடை போ" என்கிறது. வேற்றுமை உருபும் வினை விகுதியும் விழுந்துவிடுகின்றன. தமிழில் மொழி வளர்ச்சிக் கோளாறைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களில் இதுவும் ஒன்று. மலாய்ப் பெயர்ச்சொல் வேற்றுமை உருபு ஏற்பதில்லை. வினையும் ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுவதில்லை. ஆகவே மலாய் மொழியில் வகுத்த சோதனை இந்தக் கோளாறைப் பிடிக்காது, அதைத் தமிழில் மொழிபெயர்த்தாலும் பிடிக்காது. தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்காக உருவான சோதனைகள் ஓரளவு உதவும். ஆனால் பசார், லோரி, கம்போங் என்று இயல்பாகப் பேசும் நம் பிள்ளைகளை அவற்றால் அப்படியே அளக்க முடியாது. மலேசியத் தமிழ்ப் பிள்ளைகள் எந்த வயதில் எந்த ஒலியையும் எந்த வாக்கிய அமைப்பையும் கைக்கொள்கிறார்கள் என்று முறையாக ஆராய்ந்து அளவுகோல் வகுக்க வேண்டும். தேசியப் பல்கலைக்கழகம் 1995இலேயே பேச்சு அறிவியல் பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது. அங்கும் பிற பல்கலைக்கழகங்களிலும் உள்ள தமிழறிந்த ஆய்வாளர்கள் இந்த வேலையை ஏற்க வேண்டும்; அரசு அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்தமாகச் சொல்கிறோம். "பிள்ளை குழம்புகிறது, வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஒரே மொழியில் பேசுங்கள்" என்ற ஆலோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். இரு மொழிகளோடு வளர்வதால் மொழிக் கோளாறு உண்டாவதில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளும் இரண்டு மொழிகளைக் கற்க முடியும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. உண்மையான கோளாறு இருந்தால் அது பிள்ளையின் இரு மொழிகளிலும் தெரியும். தமிழை நிறுத்தினால் தாத்தா பாட்டியோடு நடக்கும் பேச்சும் நின்றுபோகும். பேச்சு வராத பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் சிறந்த பயிற்சி அதுதான்.

நாட்டில் பேச்சு சிகிச்சையாளர்களே போதவில்லை, இதில் தமிழ் தெரிந்தவருக்கு எங்கே போவது என்று கேட்கலாம். உண்மையான தடைதான் அது. கல்வி அமைச்சின் சிறப்புக் கல்விச் சேவை மையங்களில் சிகிச்சையாளர்கள் இருந்தாலும், நாட்டில் பெரும்பாலானோர் மருத்துவமனைகளிலும் தனியார் நிலையங்களிலும்தான் வேலை செய்கிறார்கள். அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டுச் சட்டம் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் கல்வியை அரசுப் பள்ளிகளின் கடமையாக்கியது. இன்று அந்நாட்டுச் சிகிச்சையாளர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பள்ளிகளில் பணிபுரிகிறார்கள். பள்ளியில் பதவி இருந்தால்தான் பேச்சு சிகிச்சைப் படிப்புக்கு ஆள் வரும். பள்ளிக்கொரு சிகிச்சையாளரை நாங்கள் கேட்கவில்லை. போர்ட்டிக்சன், ஜெம்போல், சிரம்பான், தம்பின் என வட்டாரத்துக்கு ஒருவரை நியமித்து, வாரம் ஒரு நாள் ஒரு பள்ளி என்று சுற்றிவரச் செய்தாலே தொடங்கிவிடலாம். தமிழறிந்தவர் கிடைக்காத வட்டாரத்தில், பயிற்சி பெற்ற தமிழாசிரியர் ஒருவர் உடனிருந்து உதவட்டும். அது இடைக்கால ஏற்பாடாக மட்டுமே இருக்க வேண்டும். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற சிகிச்சையாளரின் இடத்தை ஆசிரியரைக் கொண்டு நிரப்பிவிடக் கூடாது.

பள்ளிக்கு வரும் சிகிச்சையாளர் பிள்ளையைத் தனியறைக்கு அழைத்துப் போவதோடு வேலை முடியாது. அவர் வகுப்பில் உட்கார்ந்து பாடத்தைக் கவனிக்க வேண்டும். நீண்ட கட்டளையை இரண்டாகப் பிரித்துச் சொல்வது, படம் காட்டிச் சொல்வது, திக்கும் பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லி அவசரப்படுத்தாமல் இருப்பது ஆகியவற்றை ஆசிரியருக்குக் காட்ட வேண்டும். மருத்துவமனையில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியாது.

சிறப்புக் கல்வி வகுப்புகளை நாங்கள் எதிர்க்கவில்லை. சில பிள்ளைகளுக்கு அந்த வகுப்புதான் பொருத்தம். அவர்களுக்காகக் கூடுதல் தமிழ்ப்பள்ளிகளில் அதைத் திறக்க வேண்டும் என்றும் கேட்கிறோம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வசம்பு உரசி நாக்கில் தடவுவதும், "அவங்க அப்பாவும் லேட்டாதான் பேசினாரு" என்று பெரியவர்கள் சொல்வதும் அன்பினால்தான். ஆனாலும் இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத பிள்ளையை அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். முதலில் காதைச் சோதிக்கச் சொல்லுங்கள். முதலாம் ஆண்டுப் பதிவின்போது பிள்ளையின் சிரமத்தை மறைக்காமல் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பிள்ளைகளுக்குச் சிகிச்சையாளர் தேவை என்று அமைச்சிடம் எடுத்துச் சொல்ல அந்தக் கடிதங்கள்தான் எங்களுக்கு ஆதாரம்.