பருத்தி விதையில் கலப்பு

விதையில் கலப்பு என்றாலே நம் குடியானவர்கள் முகம் சுளிப்பார்கள். கலப்பற்ற பொறுக்கு விதையே வேண்டுமென்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்திருப்பதால் அது இயல்பே. ஆயினும் பீ.டி. பருத்தியைப் பொறுத்தமட்டில் கலப்பே நன்மை பயக்குமென்பது எமது அபிப்பிராயம்.

2002-ஆம் ஆண்டில் இப்பருத்தி இந்தியாவில் அனுமதிக்கப்பட்டபொழுது, 450 கிராம் விதையுடன் 120 கிராம் சாதாரண விதையும் தனிப்பொட்டலமாகக் கொடுக்கப்பட்டது. அதனை வயலைச் சுற்றிலும் விதைக்க வேண்டுமென்பது விதி. புழு தின்னும் செடியை வலிய வளர்ப்பானேன் என்று பெரும்பாலோர் அதை விதையாமல் விட்டனர். காரணத்தை விளங்க எடுத்துரையாதவர்கள் மீதும் குற்றமுண்டு.

காரணமாவது: பீ.டி. செடியைத் தின்றும் பிழைக்கும் புழுக்கள் ஆரம்பத்தில் மிகச் சிலவே. அவை அந்துப்பூச்சியாகித் தமக்குள்ளேயே கூடினால், சந்ததி முழுவதும் அந்நஞ்சைத் தாங்கும். சாதாரணச் செடியில் வளர்ந்த அந்துகள் அருகே ஏராளமாயிருந்து அவற்றோடு கூடினாலோ, பிறக்கும் புழுக்களில் பெரும்பாலானவை மடியும். அப்பொட்டலம் பயன்படாமற் போனதும் ஒரு காரணமாக, இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதலில் குஜராத்தில் ஒரு நஞ்சையும், பின்னர் இரண்டு நஞ்சு கொண்ட பருத்தியையும் வென்றது.

சீன தேசத்தின் யாங்சி ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே விற்கப்பட்ட இரண்டாந் தலைமுறை ஒட்டு விதையில் நாலில் ஒரு பங்கு செடி பீ.டி. குணம் அற்றதாயிருந்தது. எவரும் பூச்சியை எண்ணிச் செய்யாத அக்கலப்பினால், தலையெடுத்த எதிர்ப்புச் சக்தி தணிந்ததென்று 2017-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று.

2020-ஆம் ஆண்டுப் பட்டம் முதல் நம் நாட்டிலும் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு சாதாரண விதை பைக்குள்ளேயே கலந்து வருகிறது. ஒதுக்கிவிட இடமில்லாத இவ்வேற்பாடு நல்லதே; ஆனால் காலங்கடந்து வந்தது. எதிர்ப்புச் சக்தி பரவிய பின் கலப்பு ஒன்றினால் மாத்திரம் இப்புழு அடங்காது. பருத்தி மார் வயலில் நிற்கும்வரை புழுவும் சொத்தைக் காய்க்குள் இருக்கும். கோயமுத்தூர்ப் பக்கத்தில் கம்போடியாப் பருத்திச் செடிகளைப் பிடுங்கச் செய்தது 1919-ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டந்தான். சட்டமென்றால் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்யும்.

கடைசிப் பறிப்பு முடிந்தவுடன் ஆட்டுக்கிடை விட்டால் எஞ்சிய காய்கள் தீரும்; பின் மாரைப் பிடுங்கிவிடலாம். ஒருவர் பிடுங்க, அண்டைக்காரர் விறகுக்கென்று காயோடு அடுக்கி வைப்பாராயின், அந்து அங்கிருந்தே புறப்படும். ஆகையால் கிராம அதிகாரிகள் மிராசுதார்களைக் கலந்து, ஊர் முழுமைக்கும் ஒரே கெடு குறிப்பது அவசியம்.