அறியாமை பாதுகாப்பு ஆகுமா?

சென்ற திங்கள் ஓர் இரவு, விடுதி உணவுக்கூடத்தில் இளமாணவர் ஒருவர் தம் கைபேசியில் ஒரு படக்காட்சியைக் காட்டினார். யாரோ ஒருவருடைய உள்ளங்கையில் ஒரு சிற்றுயிர் கிடந்தது. முதுகிலே இளஞ்சிவப்பு ஓடு. வயிற்றிலே பட்டுப் போன்ற வெண்மயிர். முன்கால்களிலே உடலுக்குப் பொருந்தாத பெரிய நகங்கள். சுற்றியிருந்த எல்லோரும் வியந்தோம். "அண்ணா, இப்படி ஒன்று கிடைத்தால் நம் அறையிலேயே வளர்க்கலாமே!" என்றார் அவர். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆயினும் விலங்கியல் பயிலும் எனக்கு அச்சொல் நெஞ்சில் தைத்தது. ஏன் தைத்தது என்று அன்றே சொல்ல நேரமில்லை, இப்போது சொல்கிறேன்.

அவ்விலங்கின் பெயர் இளஞ்சிவப்புத் தேவதை ஆர்மடில்லோ. அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் ஆர்மடில்லோ இனங்கள் இருபதுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் மிகச் சிறியது இதுவே. உடல் நீளம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். எடை 120 கிராம் அளவு. நம் ஊர்ப்பக்கத்து அழுங்கு நினைவுக்கு வரலாம். ஆனால் இரண்டும் உறவல்ல. அழுங்கின் செதில் நம் நகத்தைப் போன்ற பொருளால் ஆனது. ஆர்மடில்லோவின் கவசத்தில் இருப்பதோ எலும்புத் தகடு.

அர்ஜென்டினாவின் நடுப்பகுதியிலுள்ள மெண்டோசா, சான் லூயிஸ், லா பாம்பா முதலிய மாநிலங்களின் மணற்பாங்கான வறண்ட வெளிகளே இதன் நாடு. உலகில் வேறெங்கும் இது இல்லை. மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து, இரவில் சிறிது வெளிவந்து, எறும்பும் புழுவும் பூச்சியும் தின்று மீண்டும் மறைந்துவிடும். இதன் உடலமைப்போ வியப்புக்குரியது. உடலின் பின்புறம் வெட்டி நிறுத்தியது போலத் தட்டையான ஒரு தகடு உண்டு. முன்னே நகங்களால் மணலைத் தோண்டித் தள்ளும். பின்னே அத்தகட்டால் மணலை இடித்து இறுக்கும். முதுகோடு, முதுகெலும்பை ஒட்டிய மெல்லிய சவ்வினாலேயே உடலோடு இணைந்திருக்கிறது. ஓட்டின் கீழ் ஓடும் இரத்தமே அந்த இளஞ்சிவப்பு நிறம். உடல் வெப்பத்தை வெளியேற்றவும் காத்துக்கொள்ளவும் அவ்விரத்த ஓட்டம் கூடும், குறையும். நாம் அழகென்று வியப்பது, அதற்கு உயிர்காக்கும் கருவி!

இத்தகைய உயிரை மணலிலிருந்து பிரித்தால் என்னாகும்? பிடிபட்டவற்றுள் பெரும்பாலானவை எட்டு நாட்களுக்குள் இறந்துபோகின்றன. வெப்பநிலை மாறினால் தாங்காது; உணவு மாறினால் உண்ணாது; அச்சமே அதனைக் கொன்றுவிடும். மெண்டோசாவில் ஆராயும் மரியெல்லா சுபெரினா அம்மையார், ஒன்றை மாதக்கணக்கில் உயிரோடு காத்ததே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் பொருளாயிற்று என்றால், அதன் அருமையை எண்ணிப் பாருங்கள். சட்டம் தடுத்தும், வளர்ப்புக்கென்று கள்ளத்தனமாக விற்போர் உளர். உள்ளங்கையில் கிடந்த அவ்வுயிர் அடுத்த வாரம் இருந்ததோ இல்லையோ, யார் அறிவார்?

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். பிலடெல்பியாவைச் சேர்ந்த மருத்துவர் ரிச்சர்ட் ஹார்லன் 1825-ல் இவ்விலங்கை அறிவுலகுக்கு அறிமுகம் செய்தார். இருநூறு ஆண்டுகள் உருண்டோடிவிட்டன. ஆனால் எத்தனை விலங்குகள் உள்ளன, பெருகுகின்றனவா, குறைகின்றனவா என்று இன்றும் எவராலும் சொல்ல இயலவில்லை. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல் 2006-ல் இதனை ஆபத்தை நெருங்கிய இனமென்று குறித்தது. 2008-ல் 'தரவு போதாதது' என்னும் பிரிவுக்கு மாற்றியது.

இந்த மாற்றத்தைக் கேட்டுப் பலர் நிம்மதி அடைவர். ஆபத்துப் பட்டியலிலிருந்து நீங்கிற்று அல்லவா? அன்று, நண்பர்களே! தேர்வு முடிவுப் பலகையில் ஒருவன் பெயருக்கு நேரே 'முடிவு நிறுத்திவைக்கப்பட்டது' என்றிருந்தால், அவன் தேறிவிட்டான் என்று இனிப்பு வழங்குவோமா? 'தரவு போதாதது' என்பதும் அத்தகையதே. அவ்விலங்கு அழிந்துகொண்டிருக்கிறது என்று முழங்க நமக்குச் சான்றில்லை. நலமாயிருக்கிறது என்று உறங்கவும் சான்றில்லை. ஆனால் அதன் மணல்வெளி உழப்படுகிறது. மாட்டு மந்தைகளின் குளம்பு அதனை மிதிக்கிறது. ஊர் நாயும் பூனையும் வேட்டையாடுகின்றன. பூச்சிமருந்து அதன் உணவில் கலக்கிறது. முடிவு வரும்வரை இவையெல்லாம் காத்திருக்குமா?

"நாட்டில் எத்தனையோ குறைகள் இருக்க, எங்கோ மணலுக்குள் ஒளியும் எலியளவு விலங்குக்கு இவ்வளவு கவலையா?" என்று வேதியியல் நண்பர் ஒருவர் கேட்டார். நேர்மையான கேள்விதான். என் விடை இது: கண்ணுக்குத் தெரியாததை இல்லாததாகக் கருதும் பழக்கம் ஒரு விலங்கோடு நின்றுவிடுவதில்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலை மண்ணுக்குள் வாழும் காலற்ற சிசிலியன்களில் பலவும் இதே 'தரவு போதாத' வரிசையில்தான் இருக்கின்றன. அறியாததற்கு நிதியில்லை, நிதியில்லாததால் அறிய முடிவதில்லை. இவ்வட்டத்தை எங்கேனும் யாரேனும் உடைத்தாக வேண்டும்.

பிடித்து அடைத்து அறிவதும் தீர்வன்று. அறிய முற்படுகையிலேயே இறந்துபோகும் உயிரை, அது வாழும் மண்ணோடு சேர்த்தே காக்க வேண்டும். அவ்வெளியில் மாடு மேய்ப்பவரும் உழுபவரும் கண்டதைக் கேட்டுக் குறிக்க வேண்டும். பொறுமையும் நடையும் வேண்டும் பணி இது. விரைவில் பெயர் தராது, வேலைவாய்ப்பும் எளிதன்று. ஆயினும் முதுகலை முடித்து ஆய்வுப் பொருள் தேடும் நம்மில் ஒருவரேனும், எல்லோரும் கூடும் துறையை விட்டு, எவரும் எண்ணாத ஓர் உயிரைத் தேர்ந்தால் என்ன?

அந்த இளமாணவரை நேற்று மீண்டும் கண்டேன். "அண்ணா, அந்தப் படத்தை இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை" என்றார். அவ்வளவு போதும், தொடக்கத்துக்கு.