அபாயத்திற்கு மட்டுமா தமிழ்?



தீபாவளிக்கு முன்பு, உடன்பிறந்தோர் மூவரும் சேர்ந்து எங்கள் அம்மாவுக்கு ஓர் ஓவன் வாங்கிக் கொடுத்தோம். பொங்கலுக்குப் போனபோது அதன்மேல் பழைய துண்டு ஒன்று போர்த்தியிருந்தது. கேட்டதற்கு முதலில் மழுப்பினார். பிறகு மெல்லச் சொன்னார்: "மொத தடவ போட்டப்பவே பொகஞ்சிருச்சுப்பா. நாந்தான் கெடுத்துட்டேன்னு நெனச்சு பிளக்கப் புடுங்கிட்டேன். ஒங்க காசெல்லாம் வீணாப்போச்சேன்னு யாருகிட்டயும் சொல்லல."

மூன்று மாதம் ஒரு தாய் குற்றவுணர்வோடு இருந்திருக்கிறார். எதற்காக? புதிய ஓவன் முதன்முறை சூடேறும்போது புகைவது இயல்பு. தொழிற்சாலையில் பூசிய எண்ணெய்ப் பசை எரிந்து போகிறது, அவ்வளவுதான்! பெட்டிக்குள் இருந்த கையேட்டின் நான்காம் பக்கத்தில் இச்செய்தி தெளிவாக இருந்தது. மலாயில் இருந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. சீனத்திலும் இருந்தது.

'படிக்காதவர், பாவம்' என்று எண்ணிவிட வேண்டாம். என் அம்மா நெகிரி செம்பிலானில் சிலியாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவர். 'தமிழ் நேசன்' 2019-இல் நின்றுபோகும்வரை நாள்தோறும் ஒரு வரி விடாமல் படித்தவர். அவருக்குப் படிக்கத் தெரியும். படிப்பதற்குத்தான் ஒன்றும் வைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லயத்து வீட்டில் ரப்பர் விறகடுப்பின்மேல் அலுமினியச் சட்டியில் மணல் பரப்பி, உள்ளே தட்டு வைத்து, மூடிமேல் தணலைக் கொட்டி, தீபாவளிக்குக் கேக் சுட்டவர் அவர். மேலும் கீழும் வெப்பம் வேண்டும், முதலில் சட்டி காய வேண்டும், இடையில் மூடியைத் திறந்தால் கேக் அமுங்கிவிடும் என்பதெல்லாம் அவர் கைக்கு அன்றே தெரியும். ஓவனும் அதே வேலையைத்தான் செய்கிறது. அறிவு அவரிடம் இருந்தது. மொழிதான் அவரை அந்நியராக்கியது.

துணைமின்நிலைய வேலிகளைப் பார்த்திருப்பீர்கள். மற்ற மொழிகளோடு நம் மொழியிலும் 'அபாயம்' என்று எழுதியிருக்கும். சாகாமல் இருக்கத் தமிழ் வேண்டுமாம். சமைத்துச் சாப்பிடத் தமிழ் வேண்டாமாம்! நன்றாக இருக்கிறது நியாயம்.

ஆனால், நான் நிறுவனங்களைக் குறைகூற இதை எழுதவில்லை. வாணிகன் கேட்பதைக் கொடுப்பான். நாம் கேட்டோமா? ஒரு பெற்றோர் ஆசிரியர் சங்கமாவது ஒரு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதியதுண்டா? என்னையும் சேர்த்தே கேட்கிறேன். கையேட்டைப் பேரனிடம் நீட்டி "இங்கிலீஷ்ல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு" என்று சொல்லும் வீட்டில், பாட்டியின் மொழி கையாலாகாத மொழி என்பதைப் பிள்ளை அங்கேயே கற்றுக்கொள்கிறான். பிறகு நாம் தமிழ்ப்பற்றைப் பற்றி மேடையில் முழங்கி என்ன பயன்?

2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்க வேண்டும் என்றபோது எதிர்த்தோம். 2009-இல் அக்கொள்கையைக் கைவிட அரசு முடிவெடுத்தபோது மகிழ்ந்தோம். 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது மறுபடியும் வாதிட்டோம். தமிழில் அறிவியல் முடியும் என்று இத்தனை முறை சொன்ன நாம், அந்த அறிவியலைச் சமையலறை வரை கொண்டுபோனோமா? வெப்பநிலை, மின்சுற்று, விரிவடைதல் எல்லாம் தேர்வுத்தாளோடு முடிந்துவிடுகின்றன.

"தமிழில் அதற்கெல்லாம் சொல் ஏது?" என்பார்கள். மலாய்க் கையேடு 'கெத்துஹார்' என்று தயங்காமல் அச்சிடுகிறது. இலங்கைத் தமிழர் போர்த்துகீசியரிடமிருந்து பெற்ற சொல்லைப் 'போறணை' என்று தமிழாக்கிக் கொண்டனர். நாம் 'ஓவன்' என்றே எழுதுவோமே, குடியா முழுகிவிடும்? அதைச் சுற்றியுள்ள வாக்கியம் தமிழாக இருந்தால் போதும். முடியாது என்போருக்காக இதோ, நான் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தது:

1. உள்ளே இருக்கும் அட்டை, நுரை, ஒட்டுநாடா, நெகிழித்தாள் அனைத்தையும் எடுத்துவிடுங்கள். தட்டுக்கு அடியிலும் பாருங்கள்.

2. சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பக்கத்தில் திரைச்சீலை வேண்டாம். மேலே எதையும் வைக்காதீர்கள்.

3. சுவரிலுள்ள 13 ஆம்பியர் பிளக்கில் தனியாகச் செருகுங்கள். 2000 வாட் ஓவனை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 9 ஆம்பியர். அதே அளவு சுடுநீர்க் கெண்டியையும் ஒரே நீட்டிப்பு வயரில் மாட்டினால் 17-ஐத் தாண்டும். வயர் உருகக்கூடும்.

4. தட்டையும் கம்பியையும் சோப்பு நீரில் கழுவி, துடைத்து, காயவையுங்கள்.

5. சன்னல்களைத் திறந்துவையுங்கள். கிளிக்கூண்டை வெளியில் மாட்டுங்கள். அந்தப் புகை பறவைகளுக்கு ஆகாது. ஓவனை வெறுமையாக 200 பாகையில் அரைமணி நேரம் ஓடவிடுங்கள். சிறிது புகையும் வாடையும் வரும். அஞ்ச வேண்டாம். ஆனால், பிளக் சுட்டாலோ ரப்பர் கருகும் வாடை வந்தாலோ உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

6. மாவை வைக்குமுன் பத்துப் பதினைந்து நிமிடம் சூடேற்றுங்கள். விளக்கு அணைந்து அணைந்து எரிந்தால் பழுதில்லை. குறித்த வெப்பம் வந்ததும் தானே நின்று, தணிந்ததும் தானே தொடங்குகிறது.

7. தட்டைக் காய்ந்த தடித்த துணியால் பிடியுங்கள். ஈரத்துணி வெப்பத்தைக் கைக்குக் கடத்திவிடும்.

ஒரே பக்கம்! எழுத எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. அம்மா அதைப் படித்தார். ஐந்தாவதை மட்டும் இருமுறை படித்துவிட்டு, "அப்ப நான் கெடுக்கலயா?" என்று கேட்டார். அக்கேள்விக்கு நாம்தாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஆசிரிய நண்பர்களே, ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் வீட்டிலுள்ள ஒரு கருவிக்குத் தமிழில் ஒரு பக்கக் கையேடு எழுதி வரச் சொல்லுங்கள். அறிவியல், கணிதம், கட்டுரை மூன்றும் ஒன்றாகவே நடக்கும். பெற்றோர்களே, பிள்ளை எழுதியதைச் சமையலறைச் சுவரில் ஒட்டுங்கள். அதன் நகலைச் சங்கத்தின் கடிதத்தோடு சேர்த்து நிறுவனத்துக்கும் அனுப்புவோம்.

லாபு, ரந்தாவ், லிங்கி, பகாவ் என்று தோட்டங்களை விட்டு வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிவந்துவிட்டோம். லயத்தைவிட்டு வெளியேறிய நம் தாய்மார்கள், தங்கள் சமையலறையிலேயே வேற்றாளாய் நிற்கலாமா?

எண்ணிப் பாருங்கள்.

அம்மா சுட்ட தேங்காய் பிஸ்கட் நன்றாகவே இருந்தது. அடியில் மட்டும் கொஞ்சம் கருகல்.

அன்புடன்,
தமிழ்ப்பள்ளி ஆசிரியன்