சந்தை எப்போது நியாயம் செய்தது?

‘கூலியைச் சந்தை தீர்மானிக்கட்டும், சம ஊதியச் சட்டம் போட்டால் முதலாளிகள் பெண்களை வேலைக்கு எடுக்க மாட்டார்கள்’ என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியாது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் இந்த ஆபத்தை முன்பே யோசித்திருந்தது. ஆளெடுப்பதிலும் பாகுபாடு கூடாது என்றது. சமப்படுத்துகிறோம் என்று சொல்லி ஆண்களின் சம்பளத்தைக் குறைக்கவும் கூடாது என்றது.

கூலியை முதலாளிகளிடமே விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு, அந்தச் சட்டத்தின் கீழ் மெக்கின்னன் மெக்கென்சி நிறுவனத்துக்கு எதிராக நடந்த வழக்கைப் பாருங்கள். ஆண் சுருக்கெழுத்தர்களை விடப் பெண்களுக்குச் சம்பளம் குறைவு. அந்தப் பெண்கள் உயர் அதிகாரிகளின் அந்தரங்கச் சுருக்கெழுத்தர்கள், அது தனிப் பிரிவு, அதில் ஆண்களே இல்லை, பிறகு பாகுபாடு எங்கே என்றது நிறுவனம். ஆண்களே நுழையாத ஒரு பிரிவை உருவாக்கிவிட்டு, ஒப்பிட ஆளில்லை என்று வாதிடுவது அநியாயம். கொடுக்க வசதியில்லை என்றும் சொன்னார்கள். 1987இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் நிராகரித்தது.

வயலிலும் இதே கதைதான். பெண்கள் நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டால் அது ‘லேசான வேலை’. ஆண்கள் வரப்பு வெட்டினால் ‘கடின வேலை’. எந்த இடுப்பைக் கேட்டு இதை முடிவு செய்தார்கள்?

சம கூலி பெண்களை விரட்டும் என்பவர்கள் ஊரக நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு வந்தவர்களைப் பார்த்திருக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று அந்தத் திட்டத்துக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களே.