உதவித்தொகைக்குத் தேதி தவறலாமா?

சங்கரன்கோவிலில் தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். சுற்றுக் கிராமங்களில் திண்ணைக்குத் திண்ணை பீடித் தட்டு. இந்தக் கூலிகளை நம்பிக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இங்கே ஏராளம். அவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையும் உண்டு. அது கைக்கு வந்து சேர்வதில்தான் நாம் எல்லோரும் கோட்டை விடுகிறோம்.

பீடித் தொழிலாளியின் பிள்ளைக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகம் உதவித்தொகை தருகிறது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் மாணவர் விண்ணப்பித்துவிட்டால் வேலை முடிந்ததாகப் பெற்றோர் நினைக்கிறார்கள். முடிவதில்லை. கல்லூரி தன் கணக்கில் அந்த விண்ணப்பத்தைத் திறந்து, சான்றுகளைச் சரிபார்த்து, கெடுவுக்குள் மேலே அனுப்ப வேண்டும். அந்தப் பொறுப்பில் இருப்பவர் விடுப்பில் போய், வேறு ஆளும் இல்லாவிட்டால், தகுதியுள்ள பிள்ளைக்கு அந்த ஆண்டுத் தொகை போயே போய்விடும். இதைக் கல்லூரியின் உபரி வேலையாக எண்ணுவது தவறு. தேர்வுத் துறைக்குத் தரும் கவனத்தை இதற்கும் தர வேண்டும்.

அடுத்த சிக்கல் வங்கியில். 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கிய புதுமைப் பெண், 2024 ஆகஸ்ட் 9-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் ஆகிய இரு திட்டங்களிலும் மாதம் 1,000 ரூபாய். இப்படி நேரடியாக வரும் தொகைகளுக்கு ஆதார் இணைப்பு முக்கியம். கையில் இருக்கும் பாஸ்புக் ஒரு வங்கியுடையதாக இருக்கும். ஆதாரோடு கடைசியாக இணைந்தது எப்போதோ தொடங்கி மறந்துபோன வேறொரு கணக்காக இருக்கும். பணம் அங்கே போய் உட்கார்ந்துவிடும். சேர்க்கை நாளன்றே வங்கி, அஞ்சலக ஊழியர்களைக் கல்லூரி வளாகத்துக்கு அழைத்தால் ஒரே நாளில் சரிசெய்யக் கூடிய விஷயம் இது.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். இந்தத் தொகையும் இப்போது மாணவர் கணக்குக்கே வருகிறது. அது வரும்வரை கட்டணத்துக்காகக் கல்லூரி நெருக்கக் கூடாது. வந்தபின் அதில் உள்ள கட்டணப் பங்கை வேறு செலவுக்கு எடுக்காமல் கல்லூரியில் கட்டுவது குடும்பத்தின் கடமை. இரு தரப்பும் தத்தம் பங்கைச் செய்தால்தான் நம்பிக்கை நிற்கும். வருமானச் சான்று கேட்டு வரும் பிள்ளைகளை வருவாய்த் துறையும் அலையவிடக் கூடாது.

கல்லூரிகளின் சொந்த அறக்கட்டளைப் பரிசுகள் பெரும்பாலும் முதல் மதிப்பெண்ணுக்கே போகின்றன. அது பாராட்டு, வேண்டியதுதான். ஆனால் இரவு ஷிப்டில் தறி ஓட்டிவிட்டுக் காலையில் வகுப்புக்கு வரும் மாணவனின் 60 சதவீதத்துக்கும் அங்கே இடம் வேண்டும். வறுமையையும் கணக்கில் எடுக்கும் விதியை எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். நூல் வியாபாரிகளும் தறி உரிமையாளர்களும் முன்னாள் மாணவர்களும் அந்த நிதிக்குக் கைகொடுக்கட்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரமே உங்கள் பிள்ளையின் கல்லூரிக்குப் போய் இரண்டே கேள்வி கேளுங்கள்: உதவித்தொகைக்குப் பொறுப்பாளர் யார்? கடைசித் தேதி எது?