மணிமேகலை எங்கே?

கல்கியின் கதைகள் புத்தகத்தோடு நின்றதே இல்லை, சகோதரிகளே! ‘தியாக பூமி’ ஆனந்த விகடனில் தொடராக வந்தபோதே சினிமா ஸ்டில்களோடுதான் வந்தது, 1939-ல் கே. சுப்ரமணியத்தின் படமும் வெளியாயிற்று. ‘கள்வனின் காதலி’ 1955-லும், ‘பார்த்திபன் கனவு’ 1960-லும் திரைக்கு வந்தன. ‘பொன்னியின் செல்வன்’ மட்டும் யாருக்கும் சுலபத்தில் பிடிபடவில்லை. எம்.ஜி.ஆர். எடுக்க நினைத்தும் நடக்கவில்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த ஐந்து பாகக் கதையாச்சே!

1999-ல் மேஜிக் லேண்டர்ன் குழுவினர் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் அதை நாடகமாகப் போட்டார்கள். நாடகத்தை எழுதிய குமரவேல்தான் பிற்பாடு மணிரத்னத்தின் திரைக்கதையிலும் பங்குகொண்டார். படம் 2022, 2023-ல் இரண்டு பாகங்களாக வந்தது.

பார்த்துவிட்டு வந்த என் மகள், “முழுக் கதையும் தெரிஞ்சுபோச்சும்மா” என்றாள்.

“மணிமேகலையைப் பத்தி சொல்லு, பார்ப்போம்” என்றேன்.

“அப்படி யாருமே வரலியே!”

கடம்பூர் சம்புவரையர் மகள் மணிமேகலை. வந்தியத்தேவன் மேல் கொலைப்பழி விழக்கூடாதென்று, ‘நான்தான் கொன்றேன்’ என்று தன் தலையில் போட்டுக்கொண்டவள். அவள் சாவோடுதான் கல்கி கதையையே முடிக்கிறார். ஐந்து பாகத்தை ஐந்தரை மணி நேரத்தில் அடக்க வேண்டுமானால் யாரையாவது கழிக்கத்தான் வேண்டும். டைரக்டரைக் குறை சொல்லவில்லை. ஆனால், கழிந்துபோகிறவள் யார், பாருங்கள்! ராணியுமில்லை, சதிகாரியுமில்லை. கைம்மாறு கேட்காமல் கொடுத்துவிட்டுப் போகிறவள். வீட்டிலும் அப்படிப்பட்டவளைத்தானே முதலில் மறந்துபோகிறோம்?

என் மாமியாருக்குப் பொடி எழுத்து தெரிவதில்லை. பாம்பே கண்ணன் குழுவினரின் ஒலிப்புத்தகத்தைச் சாயங்காலம் விளக்கேற்றியபின் தினம் ஓர் அத்தியாயம் போடுவேன். கறிகாய் நறுக்கிக்கொண்டே நானும் கேட்பேன். காதில் கருவி எதுவும் மாட்டாமல் கூடத்தில் வைத்தால் எல்லாருக்குமே கேட்கும். ‘ஒரு வேலையும் ஓடவில்லை’ என்ற குறையும் இராது. அவசரமில்லாததால் யாரையும் கழிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மணிமேகலை உயிர்விடும் அத்தியாயம் முடிந்ததும் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இந்தப் பொண்ணையா சினிமாவிலே விட்டுட்டாங்க?” என்றார்.

படம் பார்த்த உங்கள் பிள்ளைகளிடமும் மணிமேகலையைப் பற்றிக் கேளுங்கள். விழித்தால், திட்ட வேண்டாம். ஐந்தாம் பாகத்தைக் கையில் கொடுங்கள். இல்லாவிட்டால், கூடத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்!